மேல் கீழ் இல்லாத பத்திரிகை

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, புதுக்கடை திறப்பு நோட்டீஸ் எல்லாம் அடித்துத் தருவேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கல்யாணம் யாருக்கு, எப்போது, எங்கே என்று சொல்ல நாலு வரி போதும். மீதித் தாள் முழுக்க மாமன், மச்சான், சித்தப்பன், பெரியப்பன் பெயருக்குத்தான் போகிறது. என் பிழைப்பே அந்த மாமன் மச்சான்களால் ஓடுகிறது, நான் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்வேன். தன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது என்பதற்காக என் கடை வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். அச்சடித்தவன் நான், அடி வாங்க வேண்டியவனும் நான். நல்லா இருக்குது நியாயம்!

அப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் அன்புக்கரசி வந்து மாடல் ஆல்பம் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள். முகர்ந்து பார்த்தாள். தங்க எழுத்தை நகத்தால் சுரண்டி, உதிர்கிறதா என்று பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"வாங்கப் போறியா, தின்னப் போறியா?"

"செல்வண்ணா, இதுல சொந்தக்காரங்க பேரே போடாம அடிச்சா எவ்ளோ குறையும்?"

"பேரு போடலன்னா கல்யாணத்துக்கு யாரு வருவாங்க?"

"பசிச்சவங்க வருவாங்கண்ணா."

சொல்லிவிட்டு ஆல்பத்தை மூடி வைத்துப் போய்விட்டாள். இவளைப் பற்றி முன்னமே தெரிந்தும் ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அன்புக்கரசி செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு தூரிகையைப் பிடித்தாள், இன்னும் விடவில்லை. கை சுத்தம். வாய்தான் ஆகாது. ஒரு கொலு சீசனில் கடைக்கு அனுப்பிய செட்டியார் பொம்மைகளில் ஒரு பெட்டி முழுக்க அவர்கள் சூப்பர்வைசர் முகத்தையே எழுதிவிட்டாள். அதே தொங்கு மீசை, அதே முறைப்பு. அவர் ஒன்றைக் கையில் எடுத்து, "எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்குதே" என்றாராம். "நம்ம ஊரு மூஞ்சி சார், அதான்" என்றாளாம் இவள். அந்தப் பெட்டி அப்படியே விற்றும் போய்விட்டது.

அவளுடைய அப்பா அவள் சின்ன வயதிலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கனகாக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாப்பிள்ளை வளவன், நல்லூர்ப் பையன், டிராக்டர் மெக்கானிக். கம்பெனியில் மண் அரைக்கிற மிஷின் நின்றுபோனபோது சரி பண்ண வந்தவன், மிஷின் ஓட ஆரம்பித்த பிறகும் வந்துகொண்டிருந்தான். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையை அவர்களே தனியாக அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டுப் பத்திரிகைதான் பாக்கி.

அதில்தான் வினை. அன்புக்கரசிக்கு ஒரு பெரியப்பா, ஒரு தாய்மாமன். பெரியப்பா கோதண்டபாணி, அப்பாவுக்கு அண்ணன். தாய்மாமன் அர்ச்சுனன், கனகாக்காவின் தம்பி, மங்கலம்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர். அன்புக்கரசியின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் கோதண்டபாணி பெயர் மேலேயும் அர்ச்சுனன் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. சத்தியமாக நான் அடித்ததில்லை. அர்ச்சுனன் வாசலில் நின்றபடியே அதைப் படித்தார், சீர்த்தட்டை யார் கையிலோ திணித்தார், திரும்பிப் போய்விட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. ஒருத்தர் இருக்கிற வீட்டு வாசப்படியை இன்னொருத்தர் மிதிப்பதில்லை.

இப்போது கல்யாணம் என்றதும் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார்கள். வாசகம்கூட ஒன்றுதான். "பத்திரிகையில எம் பேரு மேல இல்லன்னா மண்டபத்துப் படி ஏற மாட்டேன்."

கனகாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவரு வரலன்னா அப்பன் இடத்துல நின்னு யாருடி தாரை வாக்குறது? இவன் வரலன்னா தாய்மாமன் மாலையை யாரு எடுத்துக் குடுக்குறது? நாதியத்தவ பொண்ணுன்னு நல்லூர்க்காரங்க நினைக்க மாட்டாங்களா?" என்று மகளிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு ஆண்களும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்புக்கரசி மறுபடி என் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை ஆல்பம் கேட்கவில்லை.

"அண்ணா, பத்திரிகைய நானே பண்ணப் போறேன். தட்டுல."

"எந்தத் தட்டுல?"

"பீங்கான் தட்டுல. உள்ளங்கை அகலம். கம்பெனியில கழிச்சுப் போடுற மண்ணை எடுத்துக்கோன்னு ஓனர் சொல்லிட்டாரு. சூளையிலயும் ஒரு ஓரமா இடம் தரேன்னாரு. நெருங்குன சொந்தத்துக்கெல்லாம் தட்டு. மத்தவங்களுக்கு அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுடுவேன். செலவு ஒண்ணும் இல்ல."

"அப்போ நான் என்ன பண்றது? கடைய மூடிட்டு பூ கட்டவா?"

"கோச்சிக்காதீங்கண்ணா. எழுத்தை மட்டும் கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. உங்களுக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி ஆச்சில்ல?"

பத்திரிகை ஆர்டர் ஒன்று ஒரே ஒரு தாள் பிரிண்டாகச் சுருங்கிப்போனது. வயிறு எரிந்தது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, போனிலேயே அழகாக டிசைன் பண்ணியிருந்தாள்.

அந்தத் தாளைப் பிளாஸ்டர் அச்சின் மேல் ஒட்டி, எழுத்துகளை ஊசியால் இடவலம் மாறியபடியே செதுக்கினாள். அச்சில் மண்ணை அமுக்கி எடுத்தால் எழுத்து நேராக மேலே புடைத்துக்கொண்டு வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பாதியிலேயே டிபன் பாக்ஸை மூடிவிட்டு இதைத்தான் செய்தாளாம். முதல் தட்டு ஒன்றை அமுக்கி எடுத்து, பச்சை மண்ணாகவே என்னிடம் காட்ட எடுத்து வந்தாள். நடுவில் மணமக்கள் பெயர். அதற்கு மேலே பெரியப்பா பெயர், கீழே மாமன் பெயர்.

"ஏம்மா, தாளுல இருந்த சண்டையத் தூக்கித் தட்டுல வச்சிருக்கே. இதுக்கு எங்கிட்டயே அடிச்சிருக்கலாமே?" என்றேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் தட்டையே பார்த்தாள். அப்படியே மெதுவாகச் சுற்றினாள். இன்னொரு சுற்று. முகத்தில் ஒரு களை வந்தது. அந்தச் சூப்பர்வைசர் பொம்மையை எழுதும்போதும் இப்படித்தான் இருந்திருப்பாள்.

"அண்ணா, தட்டு வட்டமாத்தான இருக்குது? பேரையெல்லாம் விளிம்புல சுத்திப் போட்டா எது மேல, எது கீழ?"

"நடுவுல எழுத்து இருக்குதே. அது நேரா நிக்கிற பக்கம் மேல."

"நடுவுல எழுத்தே வேணாம்!"

அன்று சாயங்காலமே அச்சின் நடுவைச் சுரண்டி எறிந்தாள். அந்த இடத்தில் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிகிற சுழிக்கோலம் ஒன்றைச் செதுக்கினாள். எழுத்தெல்லாம் விளிம்புக்குப் போனது. நூல் வைத்து அளந்து, கோதண்டபாணிக்கு நேர் எதிரே அர்ச்சுனன். ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. ஒவ்வொரு பெயரின் காலும் நடுவைப் பார்த்து நிற்கும். யார் பெயரை மேலே பிடிக்கிறோமோ அவர் பெயர்தான் நேராகத் தெரியும்.

சூளையில் போனதில் சிலது கோணிக்கொண்டது, சிலது விரிசல் விட்டது. மீதி வெள்ளை வெளேர் என்று வந்தது. ஆனால் கனகாக்காவுக்கு வேறொரு கவலை. "பத்திரிகைன்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவணுமேடி. இதுல மூலையே இல்ல, எங்க தடவுறது?"

"சுத்தித் தடவும்மா. யாருக்கும் கம்மி ஆவாது."

முதல் தட்டைக் கொளஞ்சியப்பர் சன்னதியில் வைத்துக் கும்பிட்டார்கள். அடுத்தது வளவனுக்கு. அப்புறம் அம்மாவும் மகளும் தாம்பூலத்தோடு பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். அன்புக்கரசி தட்டை இரண்டு கையாலும் பிடித்து, அவர் பெயர் மேலே வருகிற மாதிரி நீட்டினாள்.

"பாருங்க பெரியப்பா, மேல யாரு?"

கோதண்டபாணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மீசை தானாக மேலே போனது. "கனகா, பொண்ண நல்லா வளத்திருக்கம்மா" என்றார். மறுநாள் மங்கலம்பேட்டை. அதே மாதிரி தட்டு, அதே இரண்டு கை, இந்தத் தடவை அர்ச்சுனன் மேலே. "எங்கக்கா மவ எனக்கு மரியாதை குடுக்காம வேற யாருக்குக் குடுப்பா?" என்று சொல்லி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். உர மூட்டை தூக்க வந்தவனுக்கும் தட்டு தரிசனம் கிடைத்தது.

இரண்டு பேரும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். கனகாக்கா வயிறாரச் சாப்பிட்டார். எனக்கோ கடுப்பு. இந்த வித்தை ஊருக்குள் பரவினால் என் கதி என்ன?

கொஞ்ச நாள் நல்லபடியாகத்தான் போனது. இந்த வாட்ஸ்அப் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கல்யாணம் வரைக்கும் அப்படியே போயிருக்கும். சொந்தக்காரர்கள் குரூப்பில் கோதண்டபாணி தட்டைப் போட்டோ எடுத்துப் போட்டார், தன் பெயர் மேலே. கால் மணி நேரத்தில் அர்ச்சுனன் அதே தட்டைப் போட்டார், தன் பெயர் மேலே. யாரோ ஒரு வீணாய்ப்போனவன் சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் போட்டான். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்குகிறேன், இந்தப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் கோதண்டபாணி, அந்தப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி அர்ச்சுனன். ஆளுக்கு ஒரு தட்டு. நேரே என்னிடம்.

"செல்வம், எழுத்தெல்லாம் நீதான் பிரிண்டு எடுத்துக் குடுத்தியாமே. சொல்லு, இதுல எது மேல?" என்றார் கோதண்டபாணி.

"அந்தாளுக்குத் தட்டு புடிக்கத் தெரியலன்னு சொல்லு செல்வம். இப்பிடிப் புடிக்கணும்" என்றார் அர்ச்சுனன்.

"எழுத்து நேரா இருக்குற பக்கந்தான் மேலன்னு அந்தாளுகிட்ட சொல்லு."

"எம் பேரும் நேராத்தான் இருக்குதுன்னு நீ சொல்லு!"

ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், இரண்டு பேரும் என் மூஞ்சிக்கு முன்னால் தட்டைச் சுற்றினார்கள். எனக்குத் தலையைச் சுற்றியது. ஒருவர் தட்டு மற்றவர் தட்டில் இடித்து ணங்கென்றது. பயந்துபோய் அன்புக்கரசிக்குப் போன் போட்டேன். முகூர்த்தப் புடவை எடுக்க வளவனோடு கடைத்தெருவுக்கு வந்திருந்தவள், அவன் பைக்கிலேயே ஓடி வந்தாள்.

அதற்குள் சண்டை கோயில் வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் யாருக்காவது நியாயம் கிடைக்கவில்லை என்றால் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், குறையை எழுதிப் பிராது கட்டுவார்கள். சாமி விசாரித்துக்கொள்வார். "இதுக்கு நான் பிராது கட்டிடுவேன்" என்றார் அர்ச்சுனன். "கட்டச் சொல்லு. நானும் கட்றேன். சாமி யாருத முதல்ல எடுத்துப் படிக்கிறாருன்னு பாத்துடுவோம்" என்றார் கோதண்டபாணி.

"பெரியப்பா, மாமா, உங்க ரெண்டு பேரு காலுலயும் வுழுறேன்" என்றாள் அன்புக்கரசி. "யாரையும் கீழ போடக் கூடாதுன்னுதான் இப்பிடிப் பண்ணேன்."

"ஏமாத்திட்டல்ல? நான் வரல."

"நானும் வரல."

அன்புக்கரசிக்கு வாய் அடைத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "எங்கம்மா செத்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

வளவன் அதுவரை வாசலில் பைக் மேல் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே வந்தான்.

"மாமா, தட்ட கீழ வைக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ சுத்திப் பாருங்க. எம் பேரு எங்க இருக்குது?"

"இருக்காம எங்க போவும்?" என்று கோதண்டபாணி தட்டைச் சுற்றினார். அன்புக்கரசி திருமணம். தேதி. மண்டபம். கோதண்டபாணி. கனகா. அர்ச்சுனன். மற்ற சொந்தக்காரர்கள். மறுபடி சுற்றினார். அர்ச்சுனன் தன் தட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றினார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு அடியில் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை பெயர் இல்லை!

நடுவைச் சுரண்டும்போது அங்கே இருந்த இரண்டு பெயர்களும் போயின. அன்புக்கரசி தன் பெயரை விளிம்புக்குக் கொண்டுபோனாள். பெரியப்பாவுக்கும் மாமனுக்கும் நூல் பிடித்து அளந்த மும்முரத்தில் கட்டிக்கப்போகிறவனை விட்டுவிட்டாள். சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டிலும் அந்தத் தட்டு இருந்தது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவரவர் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, வைத்துவிட்டார்கள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஓரத்தில் என் கடைப் பெயரைப் போட்டிருக்கிறாளா என்றுதான் தேடினேன்.

அன்புக்கரசி அப்படியே பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "ஐயோ, உம் பேரையா வுட்டேன்? நான் கண்ணு எழுதுறவ, எனக்கே கண்ணு தெரியாமப் போச்சே!"

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றான் வளவன்.

"அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீ தட்ட கையில குடுத்துட்டு அவ்ளோ சந்தோஷமா நின்ன. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிச் சொல்றது?"

கோதண்டபாணிக்கு வேர்த்துவிட்டது. "மாப்ள, உங்க வூட்டுல யாராச்சும் பாத்தாங்களா?"

"எங்கம்மா பாத்துட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பொண்ணு வூட்டுல மாப்பிள்ளை யாருன்னு இன்னும் முடிவு பண்ணலியான்னு கேட்டாங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அர்ச்சுனன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். "மாப்ள, சின்னப் பொண்ணு தெரியாமப் பண்ணிடிச்சி. மனசுல வச்சிக்காதீங்க. கல்யாணத்துல எதுவும்..."

"நான் வந்துடுவேன் மாமா" என்றான் வளவன். குரலை உயர்த்தவே இல்லை. "பேரு இல்லன்னா வர மாட்டேன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. நீங்க ரெண்டு பேரும் வருவீங்களான்னுதான் தெரியல."

கோதண்டபாணி துண்டால் கழுத்தைத் துடைத்தார், பிறகு முகத்தைத் துடைத்தார், பிறகு மறுபடி கழுத்தை. கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வண்டி எடுத்தாந்தியா?"

யாரைக் கேட்கிறார் என்று அர்ச்சுனனுக்கே புரியச் சற்று நேரமானது. "பஸ்ஸுலதான் வந்தேன்" என்றார்.

"அப்போ எங்கூட ஏறு. நல்லூர் போயி சம்பந்தியம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடுவோம். பொண்ணு வூட்டு மானம் போவுது. வெறுங்கையோட போவக் கூடாது, கனகா வூட்டுல வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போவலாம்."

"பழம் நான் வாங்குறேன், மாமா."

அந்த மாமா என்ற வார்த்தை இத்தனை வருஷம் கழித்து அர்ச்சுனன் வாயிலிருந்து வந்ததும் கோதண்டபாணி வேகமாகப் படியிறங்கிப் போய் ஸ்கூட்டரை உதைத்தார். அர்ச்சுனன் பின்னால் ஏறினார். வளவனும் அன்புக்கரசியும் பைக்கில் கிளம்பினார்கள். நானும் ஷட்டரை இறக்கிவிட்டு என் மொபெட்டில் பின்னாலேயே போனேன். இதை விட்டுவிட்டுக் கடையில் உட்கார நான் என்ன முட்டாளா?

கனகாக்கா வாசலில் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் வந்து நின்றது. கோதண்டபாணி இறங்கினார், அவருக்குப் பின்னால் அர்ச்சுனன். கனகாக்கா கையிலிருந்த பாத்திரம் நழுவித் தெருவில் உருண்டது.

"யாரு போயிட்டாங்க? எம் பொண்ணு எங்க? தம்பி, எங்கிட்ட எதையும் மறைக்காதடா!"

அந்த இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். அவர்கள் நிலைமையைப் பார்க்க வேண்டுமே. அதற்குள் எங்கள் வண்டிகளும் வந்துவிட்டன. அர்ச்சுனன் ஓடிப்போய் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா. பாரு, அன்பு அதோ வருது. நானும் மாமாவும் சேந்து வந்திருக்கோம், அவ்ளோதான்."

கனகாக்கா முதலில் மகளைப் பார்த்தார். பிறகு தம்பியையும் மூத்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் அழ ஆரம்பித்தார்.